விளக்கு வைப்பதற்குள் வந்த இரண்டு வாளிகள்

மூன்று வருடங்களுக்கு முன், போகியன்று, செம்பூரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது இது. கையில் கரும்பும் மஞ்சள் கொத்துமாகப் பால்கனி வாசலில் நான் நின்ற கோலத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நான் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். ஐம்பதைத் தொட்ட பிறகும் அது மாறவில்லை. லோக்கல் ரயிலில் அதிசயமாக சீட் கிடைத்தாலும் இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் எழுந்து கதவோரம் போய் நின்றுவிடுவேன். வாசித்த புத்தகங்கள் பாதியில் நிற்கும், எழுதிய கடிதங்கள் பாதியில் நிற்கும், சமையலறையில் குக்கர் மட்டும்தான் நான் தொடங்கியதை முடித்து வைக்கும். இப்படிப்பட்டவளை உட்கார வைத்தது ஓர் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி.

கடல்நீர்த் தொட்டி. அதில் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. அவை படுத்துக்கொள்ள ஒரு கடல் சாமந்தி. பூ இல்லை, விரல் விரலாய் அசையும் ஓர் உயிர். சுற்றிலும் மெத்தென்ற பவளங்கள். ஒரு தொட்டிக்காரர் வெட்டிக் கொடுக்க இன்னொரு தொட்டிக்காரர் வளர்த்து, அப்படியே கைமாறிப் பெருகியவை. ஏழு வருடம். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் அதன் முன் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். கால் ஆடாது. மனசு ஆடாது. என் பங்குக்கும் சேர்த்து அந்தச் சாமந்தி ஆடிக்கொண்டிருக்கும்.

என் கணவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை பார்ப்பவர். அவருக்கு இந்த விவகாரம் பிடிபட்டதே இல்லை. "சமுத்திரம் அதோ இருக்கு. ஆட்டோ பிடிச்சா போய்ப் பார்த்துட்டு வரலாம். அதை ஏன் ஹாலுக்குக் கூட்டிண்டு வரே?" என்பார். தொட்டிப் பக்கம் வரமாட்டார். வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியம் பார்ப்பவர் போலப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சாமந்தி வளர்ந்தது. தொட்டி போதவில்லை. நாலடித் தொட்டிக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன். அங்கே ஆரம்பித்தது தலைவலி: எந்த ஃபில்டர்?

பழைய தொட்டிக்கு முதுகில் தொங்கும் ஒரு சின்ன ஃபில்டர் போதுமாக இருந்தது. நாலடிக்கு அது காணாது. கேனிஸ்டர் வாங்கு என்றார்கள் சிலர். மூடி போட்ட டப்பா, சத்தம் போடாது, சிந்தாது, ஆனால் திறந்து கழுவச் சோம்பினால் அழுக்கு உள்ளேயே கிடந்து ஊறும். சம்ப் வை என்றார்கள் சிலர். ஊரில் வீட்டுக்கடியில் தண்ணீர் பிடித்து வைப்பார்களே, அதுபோல மீன்தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் இன்னொரு தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் முதல் அறையில் துணிப்பை வழியாக இறங்கும். அங்கேயே ஸ்கிம்மர் என்கிற குழாய் நுரை கிளப்பும். பாகு காய்ச்சும்போது அழுக்கு நுரையாய் மேலே வருமே, அப்படி. நடு அறையில் கற்கள். கடைசி அறையிலிருந்து மோட்டார் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும்.

மூன்று வாரம் காலண்டர் தாள்களின் பின்பக்கம் படம் போட்டேன். கடல்நீர்த் தொட்டிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் எட்டுப் பேரைக் கேட்டால் பதினோரு கருத்து வந்தது. கணவர் காபியை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட நீ இவ்வளவு விசாரிக்கலை."

"அந்த அனுபவத்துலதான் இப்போ விசாரிக்கறேன்" என்றேன்.

கடைசியில் சம்ப் என்று முடிவானது. காரணம் அந்த நடு அறை. கல் என்று சொன்னேனே, அது கடலில் பெயர்த்தது அல்ல, பெயர்க்கவும் கூடாது. சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து செய்து, தொட்டியில் ஊறப்போட்டு, மாதக்கணக்கில் உயிரேறிய கல். அதன் பொந்துகளில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கும். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாக மாறும்போது அதைத் தின்று தீர்ப்பவை அவைதான். ஃபில்டர் வெறும் கட்டடம். குடியிருப்பவர்கள் கல்லுக்குள் இருக்கிறார்கள். ஏழு வருடக் குடித்தனத்தை அப்படியே நடு அறைக்கு மாற்றினால், மீன்களுக்கு வீடு மாறியதே தெரியாது. இதுதான் என் திட்டம்.

அக்ரிலிக்கில் சம்ப் செய்து தர ஆள் இருக்கிறார் என்று குழுவில் யாரோ தாராவி விலாசம் ஒன்று கொடுத்தார்கள். தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஒரு ஆள் நுழையும் அகலத்தில் வொர்க்‌ஷாப். கோயில் உண்டியல்கள், அடுக்குமாடி சொசைட்டிகளின் பெயர்ப்பலகைகள், விளையாட்டுக் கோப்பைகள். நாற்பது வயது இருக்கும் அவருக்கு, திருநெல்வேலிப் பக்கம். மூக்குக் கண்ணாடியெல்லாம் அக்ரிலிக் தூள். மூலையில் ஒரு இரும்பு ஏணி மச்சுக்கு ஏறியது. மச்சின் ஓட்டை வழியாக நீல வெளிச்சம் ஒன்று விழுந்துகொண்டிருந்தது. மேலே யாரோ டி.வி. பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"மூணு ரூம் போட்டிருக்கிய. கிச்சன் எங்கக்கா? தாராவியில நாங்கல்லாம் ஒரே ரூமுலதான் எல்லாம்."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, உட்காராமல், விளக்க ஆரம்பித்தேன். தண்ணீர் எப்படி இறங்கும், நுரை எப்படிக் கிளம்பும், கிருமிகள் எங்கே குடியிருக்கும், விஷம் எப்படி முறியும். உண்டியல் செய்பவருக்குப் புரியவேண்டுமே என்று பாகு உதாரணம், வீட்டு உதாரணம் எல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். அவர் வேலையை நிறுத்திவிட்டு, ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்படியாக்கா", "பெறவு?" என்று கேட்டபடி இருந்தார். இடையில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"கரண்ட் போச்சின்னா மேல உள்ள தண்ணி கொஞ்சம் கீழ எறங்கும்லாக்கா. அதுக்கு எடம் விட வேண்டாமா? ஒரு இஞ்ச் ஒசரம் கூட்டிக்கிடுதேன். பரோபர்தானே?"

சரிதான். நான் விட்டுவிட்ட கணக்கு. பரவாயில்லையே, சொன்னதை டக்கென்று பிடித்துக்கொள்கிறாரே என்று மனதுக்குள் மார்க் போட்டேன். அந்த மார்க்கை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பொங்கலுக்கு லீவு சேர்ந்தாற்போல் கிடைத்ததால் போகியன்றே மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். ஹாலில் அந்தக் கனத்தைத் தாங்கக்கூடிய சுவர் ஒன்றுதான். பழையதை எடுத்தால்தான் புதியதை வைக்க முடியும். காலையிலேயே மீன்களையும், ஒட்டியிருந்த கல்லோடு சாமந்தியையும், பவளங்களையும் நீல பிளாஸ்டிக் டப்பில், பழைய தொட்டித் தண்ணீரிலேயே விட்டு, காற்றுக் குழாய் போட்டேன். மற்ற பதினான்கு பெரிய கற்களையும் பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் அதே தண்ணீரோடு இரண்டு பக்கெட்டில் பால்கனியில் வைத்தேன். புதுத் தொட்டி வந்தது. சம்ப் கீழே உட்கார்ந்தது. ஒரு வாரமாகக் கலந்து வைத்த உப்பு நீரை ஊற்றினேன். தண்ணீர் கலங்கல் தெளியட்டும், மத்தியானம் கற்களை வைத்துக்கொள்ளலாம் என்று, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பொங்கல் சாமான் வாங்கப் போனேன். உட்கார்ந்து காத்திருக்கத் தெரிந்தவளாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.

அந்தப் பால்கனியில் வேறு என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். போகிக்காக நாங்கள் ஒதுக்கிய பழைய பாய், கிழிந்த தலையணை உறை, உடைந்த பிளாஸ்டிக் கூடை, தேய்த்துக் கழுவ வேண்டிய வெண்கலப் பானை. பம்பாயில் கொளுத்த முடியாது; கீழே குப்பை வண்டிக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தேய்த்து வைப்பதுதான் எங்கள் போகி. அவற்றுக்கு நடுவே, பழுப்பும் ஊதாவுமாக, கொஞ்சம் சேற்று வாடையோடு, என் இரண்டு பக்கெட்.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. பால்கனியில் ஆங்கில நியூஸ்பேப்பர் விரித்து, அதன்மேல் பதினான்கு கற்கள் அளவு வாரியாக அடுக்கப்பட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை வெளேரென்று. கொடியில் என் ஸ்பாஞ்ச், இரண்டு கிளிப் போட்டு, பனியன்களுக்குப் பக்கத்தில். என் கணவர் முழங்கால்வரை பேன்டைச் சுருட்டி, கையில் பழைய டூத்பிரஷ்ஷோடு, முகமெல்லாம் பெருமையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு அழுக்கு தெரியுமா? ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன். இப்போ பாரு."

ஏழு வருடத்தில் அவர் என் தொட்டிக்காகச் செய்த முதல் வேலை அது.

நான் என்ன கத்தினேன் என்று எழுதப்போவதில்லை. பக்கத்து ஃப்ளாட்டில் ரேடியோ நின்றது, அது மட்டும் ஞாபகம். அவர் டூத்பிரஷ்ஷை மெதுவாகக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

டப்பைப் போய்ப் பார்த்தேன். சின்ன டப், தண்ணீர் ஒரு நாள் தாங்கினால் பெரிது. சாமந்தி சுருங்கி, பிழிந்த துணி போலக் கிடந்தது. அது ஒன்று செத்தால் போதும், அதன் விஷத்தில் மற்ற எல்லாம் போய்விடும். குழாய்த் தண்ணீரிலும் வெயிலிலும் கல்லின் கிருமிகள் செத்தாயிற்று, புதுத் தொட்டியில் விட்டால் அங்கே கழிவைத் தின்ன ஒரு ஜீவன் இல்லை. இரண்டு மூன்று நாளில் அதே கதி. இரண்டு பக்கமும் வாசல் சாத்திய வீடு. குழுவில் எழுதினேன். பாட்டிலில் கிருமி விற்கிறார்கள் வாங்கி ஊற்று என்றார் ஒருவர். அது வேலை செய்ய நாளாகும் என்றார் இன்னொருவர். கழுவியவர் யார், ஏன் விட்டாய் என்றார் மூன்றாமவர். எல்லாரிடமும் பதில் இருந்தது. கல் கொடுக்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. குறை சொல்லவும் முடியாது. தன் தொட்டியின் கல்லை எடுத்துக் கொடுப்பது தன் வீட்டு அஸ்திவாரத்தில் செங்கல் உருவுவது மாதிரி.

மூன்று மணிக்கு போன் அடித்தது. தாராவி வொர்க்‌ஷாப்காரர். தண்ணீர் ஏற்றும் நாளில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரிப்பது அவர் வழக்கமாம்.

"எப்படிக்கா இருக்கு நம்ம பொட்டி? ஒட்டுன மூலையில கசிவு ஏதும் உண்டா?"

பெட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்க முடியாமல் அழுதேன். முன்பின் தெரியாத மனிதரிடம், கழுவிய கல்லுக்காக. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"உப்பு எவ்வளவுல வச்சிருக்கிய?" என்று கேட்டார். சொன்னேன். "சூடு?" சொன்னேன். "சாமந்தி கால் இன்னும் கல்லைப் பிடிச்சிருக்கா, விட்டுட்டா?"

போய்ப் பார்த்து வந்து, "பிடிச்சிருக்கு" என்றேன்.

"சரி. மோட்டாரை நிப்பாட்டி வைங்க. நடு ரூம்பைக் காலியா விடுங்க. நான் வாறேன்."

போனை வைத்த பிறகுதான் தோன்றியது, உண்டியல் செய்பவர் எதற்கு உப்பும் சூடும் கேட்கிறார் என்று.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கீழே டாக்ஸி நின்றது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான் மாடிப்படிக்கு வருவதற்குள் என் கணவர், அதுவரை உள்ளறையில் இருந்தவர், செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போய்விட்டிருந்தார். இருவரும் ஆளுக்கொரு பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு, படிக்குப் படி மூச்சு வாங்க, தண்ணீர் ததும்பாமல் ஏறி வந்தார்கள்.

வந்தவர் மூடியைத் திறந்தார். உள்ளே கற்கள். ஊதா, பழுப்பு, கரும்பச்சை. ஒரு பொந்திலிருந்து நகம் அளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்து உள்ளே போனது. என் ஏழு வருடக் கற்களைவிட மூத்த கற்கள் அவை, பார்த்ததும் தெரிந்தது.

"எங்கேர்ந்து இதெல்லாம்?" என்றேன்.

"நம்ம கடையிலதான். மேல மச்சுல. பதினோரு வருசமா வச்சிருக்கேன்."

அந்த நீல வெளிச்சம்.

"டி.வி.ன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்காங்க."

எனக்குக் காது வரை சுட்டது. பதினோரு வருடத் தொட்டிக்காரரிடம் நின்றுகொண்டே அரை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன், பாகு உதாரணத்தோடு. "அன்னிக்கே ஏன் சொல்லலை? நான் பாட்டுக்குப் பேசிண்டே இருந்தேனே" என்றேன்.

அவர் வாளிக்குள் கைவிட்டபடியே சொன்னார். "நல்லா இருந்துச்சுக்கா கேக்க. இதையெல்லாம் நம்ம பாஷையில ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்ல. வீடியோ பூரா இங்கிலீஷு, கடைக்காரன்மாரு இந்தி. நீங்க பாகு நுரைன்னு சொன்னதை வீட்டுல போய்ச் சொன்னேன். பதினோரு வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் நான் என்ன செய்யுதேன்னு எம் பொண்டாட்டிக்குப் புரிஞ்சிச்சு."

கேலி இல்லை அதில், துளிகூட. 

கற்களை ஒவ்வொன்றாக நடு அறையில் அடுக்கினார். தண்ணீர் போக வழி விட்டு, ஒன்றை எடுத்து, திருப்பி, மறுபடி வைத்து. இரண்டு கல்லை மேல் தொட்டியில் வைத்தார். பிறகு பால்கனிக்குப் போய், என் கணவர் அடுக்கி வைத்த வெள்ளைக் கற்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். என் கணவர் தேர்வு ரிசல்ட்டுக்கு நிற்பவர் போல நின்றார்.

"சோப்பு போட்டியளா அண்ணாச்சி?"

"இல்லை. வெறும் குழாய்த் தண்ணிதான். பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்."

"நல்லவேளை." கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பொந்து விடலையே நீங்க. எங்க வீட்டுல ஒரு பித்தளை அண்டா கிடக்கு, நாலு வருசமா கறுத்துப்போய். ஒரு நாயித்துக்கிழம வாங்களேன்."

என் கணவர் சிரித்தார். மத்தியானத்திலிருந்து இறுகியிருந்த முகம் அப்படியே அவிழ்ந்தது. அதைப் பார்த்தபோது, மீன்களைவிட முதலில் யாருக்குக் காற்றுக் குழாய் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. உண்டியல் கடையில் நின்று அரை மணி நேரம் விளக்கியவள், ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவரிடம் அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொன்னதில்லை. கிண்டல் செய்கிறார் என்று நானே கதவைச் சாத்தியிருந்தேன். அழுக்கைக் கண்டார், பண்டிகை நாள், எனக்கு உதவி என்று நினைத்துத் தேய்த்தார். அவ்வளவுதான்.

"இதையும் கூட வைங்க" என்றார் வந்தவர். "நல்லா மூணு தண்ணி அலசிட்டு, மேல தொட்டியில. என் கல்லுல உள்ளது இதுக்கும் ஏறும். நாளாகும், ஆனா ஏறும்."

"உங்க தொட்டிக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டேன்.

"தீனியைக் கொறைச்சுக்கிடுதேன் ரெண்டு வாரம். சமாளிச்சிரும்."

காபி கொடுத்தேன். ஜன்னலைப் பார்த்தபடி வேகமாகக் குடித்தார். இருட்டப்போகிறதே என்று அவசரம் போல. கல்லை எப்போது திருப்பித் தரட்டும் என்று கேட்டதற்குத்தான் நான் மறக்கவே முடியாததைச் சொன்னார்.

"உறை மோர் வாங்குனா யாராவது திருப்பிக் குடுப்பாங்களாக்கா? நம்ம லைன்ல டம்ளரை நீட்டுனா ஊத்துவாங்க, அம்புட்டுதான். நான் போன்ல விசயத்தைச் சொன்னதும் எம் பொண்டாட்டிதான் சொன்னா, உறை குடுக்கதா இருந்தா விளக்கு வைக்கதுக்குள்ள போய்க் குடுத்துட்டு வாங்க, பெறவு குடுக்கக் கூடாதுன்னு. அதான் டாக்ஸி பிடிச்சேன்."

பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பிறகு வீட்டிலிருந்து தயிரோ மோரோ வெளியே கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அது உண்டு. இரண்டு வாளிக் கல்லுக்கு அந்த வழக்கத்தைப் பொருத்திப் பார்த்து, சயான் டிராஃபிக்கில் சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் நான் சுவாமி விளக்கை ஏற்றினேன்.

பொங்கல் அன்று மீன்களைப் புதுத் தொட்டியில் விட்டேன். தினமும் காலையில் தண்ணீரைச் சோதித்தேன். சோதனைக் குழாய் பச்சையாக மாறினால் விஷம், மஞ்சளாக இருந்தால் பிழைத்தோம். மஞ்சள். அடுத்த நாளும் மஞ்சள். என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "என்ன கலர்?" என்று கேட்பார். ஐந்தாம் நாள் சாமந்தி ஒவ்வொரு விரலாக விரித்தது. கோமாளிகள் இரண்டும் அதற்குள் முதுகைத் தேய்த்துக்கொண்டு புகுந்தன. நாங்கள் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம். முதல் தடவையாக இரண்டு.

சமாளித்துவிடும் என்றாரே, அவர் தொட்டி முழுக்கச் சமாளிக்கவில்லை. பித்தளை அண்டாவைத் தேய்க்க நிஜமாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்த என் கணவர்தான் சொன்னார்: மச்சுத் தொட்டியில் உள்ளங்கை அகலப் பவளம் ஒன்று அந்த இரண்டு வாரத்தில் போய்விட்டதாம். "அவர் சொல்லலை. ஒரு எடம் காலியா இருந்தது. நானே கேட்டேன்."

அந்த வருட மழைக்காலத்தில் என் பவளங்களில் நன்றாக விரிந்த ஒன்றை வெட்டி, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். இரும்பு ஏணியில் முதல் முறையாக ஏறினேன். குனிந்துதான் நிற்க முடிந்தது. அக்ரிலிக் துண்டுகளுக்கும் கோந்து டப்பாக்களுக்கும் நடுவே, தகரக் கூரையில் மழை அடிக்க, ஒரு துண்டுக் கடல். அந்தக் காலி இடத்தை அவர் விரலால் காட்டினார். அங்கேயே வைத்தோம். நான் அன்று எதையும் விளக்கவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

டூத்பிரஷ் தேய்த்த அந்தப் பதினான்கு கற்களும் மெல்ல மெல்ல ஊதாவாகிவிட்டன. போன வருடம் கோபர்கைரனேயிலிருந்து குழுவில் ஒரு பெண் பதறி எழுதியபோது, அவற்றில் ஐந்தை வாளியில் போட்டு மூடி, "விளக்கு வைக்கறதுக்குள்ள போயிடணும், கிளம்பு" என்று அவசரப்படுத்தியவர் என் கணவர். போகி வந்தால் ஒவ்வொரு சாமானையும் தூக்கிக் காட்டி, "இதுல உயிர் இருக்கா, இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் கீழே கொண்டுபோகிறார், கிழிந்த பாயைக்கூட.

நான் இன்னும் அதிகம் பேசுகிறவள்தான். ஆனால் யாருக்காவது எதையாவது விளக்கத் தொடங்கும்போது, அவர் தலைக்கு மேலே எங்காவது ஓர் ஏணி போகிறதா, அதன் உச்சியில் எனக்குத் தெரியாமல் ஒரு நீல வெளிச்சம் எரிகிறதா என்று ஒரு நிமிடம் நிறுத்தி அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.